பாட்டரிப் புராணம்

மனிதருக்கு வயோதிகம் தலைமயிரில் தொடங்குகிறது. ஹைபிரிட் மோட்டாருக்கோ அது பின்னாசனத்தின் அடியில் தொடங்குகிறது. அங்கேதான் அதன் பெரிய பாட்டரி கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு முணுமுணுப்பும் இன்றி உழைத்த நமது வண்டியின் பாட்டரி சென்ற கோடையில் நோயுற்றது. வண்டியைச் செய்த கம்பெனியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவ்வளவு காலம் உழைத்த பண்டத்தின் மீது குறை சொல்வது நியாயமும் ஆகாது.

யாழ்ப்பாணத்தில் இந்த நோய் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஜப்பானில் 1997-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 'பிரியஸ்' என்னும் வண்டி விற்பனைக்கு வந்தது. பெட்ரோல் இயந்திரமும் மின்சார மோட்டாரும் ஒன்றாகப் பூட்டிய அவ்விதமான வண்டிகள், ஜப்பானியர் சில காலம் ஓட்டி விட்டபின், இலங்கைக்குக் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திற்று. தனியார் கார்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது 2025 பிப்ரவரியில்தான். இடையில் 2022-ஆம் ஆண்டுப் பஞ்சம் வந்தது. கியூ.ஆர். முறை தொடங்கியபோது காருக்கு வாரத்துக்கு 20 லீட்டர் என்று அளந்து ஊற்றினார்கள். சொற்பப் பெட்ரோலில் நெடுந்தூரம் போகும் ஹைபிரிட் வண்டிக்காரர்களை மற்றவர்கள் பொறாமையோடு பார்த்த காலம் அது! புது வண்டி வாங்க வழியில்லாமற் போகவே, பழையதையே எல்லோரும் வைத்து ஓட்டினோம். வண்டிகளெல்லாம் ஒரே சமயத்தில் கிழடு தட்டிவிட்டன.

இந்தப் பாட்டரி செய்யும் வேலையை விளங்கிக்கொள்ள நம் ஊராருக்குப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை. 1990-ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கே பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் டார்ச் பாட்டரிகூட உள்ளே வர அனுமதியில்லை. பெட்ரோலும் இல்லை, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில்தான் அன்று வானொலி கேட்டோம். பி.பி.சி. தமிழோசை முடியும்வரை சுற்றும் பொறுப்பு சிறுவர்களுடையது. கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்தது. டைனமோவை டயரில் சாய்த்தவுடன் சக்கரம் கனத்துப் போவதை அன்று அனுபவித்தவர்களுக்கு ஹைபிரிட் தத்துவம் பாதி தெரிந்த மாதிரிதான். வண்டி வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே டைனமோவாகிறது. அந்தக் கனந்தான் வண்டியை நிறுத்துகிறது. சாதாரண வண்டியில் பிரேக்கில் சூடாகி வீணாகும் சக்தி இங்கே பாட்டரியில் போய்ச் சேர்ந்து, வண்டி மறுபடி புறப்படும்போது திரும்பி வருகிறது.

நமது வண்டியில் இருப்பது நிக்கல் ஜாதிப் பாட்டரி. கராஜ்காரர்கள் 'செல்' என்று சொல்லும் பட்டைகள் அதில் இருபது. ஒவ்வொரு பட்டைக்குள்ளும் 1.2 வோல்ட்டுள்ள ஆறு சிறு அறைகள். ஆக ஒரு பட்டைக்கு 7.2 வோல்ட், இருபதுக்கும் சேர்த்து 144 வோல்ட். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தவை. வீடு தீப்பிடித்தால் கிணற்றடியிலிருந்து இருபது பேர் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது பேர் மல்லர்களாயிருந்தும் ஒருவர் சோர்ந்தால் தண்ணீர் அவருடைய வேகத்தில்தான் போய்ச் சேரும். சோர்ந்த பட்டை சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும். மற்றவை இழுக்க இழுக்க அது மேலும் சூடேறும்.

அடையாளங்கள் மெல்ல வந்தன. பாட்டரி அளவைக் காட்டும் கோடுகள் நிறைந்திருந்தவை, இரண்டு சந்தி தாண்டுவதற்குள் மளமளவென்று இறங்கின. பிறகு காரணமின்றி ஏறின. நின்ற இடத்தில் மௌனமாயிருக்க வேண்டிய இயந்திரம் அடிக்கடி விழித்துக்கொண்டது. பின்னாசனத்தருகே இருக்கும் காற்றாடி இரைந்தது. ஒரு நாள் அபாய விளக்கும் எரிந்தது. இப்படி நேர்ந்தவுடன் பலர் பெரிய பாட்டரியின் மேல் பழி போட்டு விடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வண்டியில் தனியாக இருக்கும் 12 வோல்ட் சின்னப் பாட்டரியை. அது நலிந்தாலும் விளக்குகள் பலவிதமாகக் கூத்தாடும். அதை மாற்றுவதோ சிறு செலவு. நமது சின்னப் பாட்டரி திடமாகவே இருந்தது. கணினியை இணைத்துப் பார்த்தபோது 'பி0ஏ80' என்னும் குறி வந்தது. பெரிய பாட்டரியை மாற்று என்பது அதன் தாத்பரியம்.

இந்த வண்டிகளில் வேறொரு விசேஷமும் உண்டு. இயந்திரத்தைச் சுழற்றிக் கிளப்புவதற்குத் தனி மோட்டார் கிடையாது. பெரிய பாட்டரிதான் அதையும் செய்ய வேண்டும். அது அடியோடு படுத்துவிட்டால் டாங்கி நிறையப் பெட்ரோல் இருந்தும் வண்டி அசையாது. நம் தாயாரை வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு வருகிறவரை, வெயிலில் நடு வீதியில் நின்றுவிட்ட வண்டிக்குள் உட்கார்த்தி வைப்பதை நினைக்கவே மனம் ஒப்பவில்லை.

செய்தி பரவியதும் ஒரு தரகர் வீடு தேடி வந்தார். "மாஸ்டர், ஏன் வீணாய்க் கவலைப்படுறியள்? குறியைக் கணினியாலை அழிச்சுப் போட்டால் நாலைஞ்சு நாளுக்கு விளக்கு எரியாது. அதுக்குள்ள வித்துத் தள்ளுவம். இப்ப வண்டிக்கு நல்ல விலை" என்றார். அவர் சொன்னது அவ்வளவும் உண்மை. விளக்கு அழியும், நோய் இருக்கும். வாங்குகிறவர் கண்ணாடியைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போவார். அந்த மனிதரும் பெரும்பாலும் நம்மைப் போலச் சம்பளக்காரராகவே இருப்பார். அவர் வீட்டிலும் ஒரு தாயார் இருக்கக்கூடும். தரகருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தோம்.

பாட்டரியைத் திறந்தவர் முன்னொரு காலத்தில் நம்மிடம் படித்த மாணவர். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் கராஜ் வைத்திருக்கிறார். அவர் வேலை செய்த முறை பார்க்கத் தக்கதாயிருந்தது. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, இணைப்பைத் துண்டிக்கும் செம்மஞ்சள் பிடியை இழுத்தெடுத்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேறெவரும் தெரியாமல் திருப்பிச் செருகிவிடக் கூடாதல்லவா? பிறகு பத்து நிமிஷம் கைகட்டி நின்றார். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய அவ்வளவு நேரம் வேண்டும். செம்மஞ்சள் நிற வயர்கள் ஆளைக் கொல்லக் கூடியவை. வீட்டில் திருப்புளி வைத்திருக்கும் உற்சாகிகள் இதில் கை வைக்காமலிருப்பது உத்தமம்.

காற்று உள்ளே போகும் வழியில் பஞ்சும் செம்மண் தூசும் அப்பியிருந்தன. ஒவ்வொரு பட்டைக்கும் விளக்கொன்றை மாட்டிச் சுமை கொடுத்து அளந்தார். பதினாறு சீராக நின்றன. மூன்று தளர்ந்தன. ஒன்று மற்றவற்றைக் காட்டிலும் ஏறக்குறைய 1.2 வோல்ட் குறைவாகக் காட்டிற்று. ஆறு அறைகளில் ஒன்று இறந்துவிட்டது என்று பொருள்.

"அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன?" என்று கேட்டோம்.

"மாத்தலாம் சேர். இண்டைக்கே விளக்கு அணைஞ்சிடும். ஆனால் களைச்சுப் போன பத்தொன்பதுக்குள்ள புதுசு ஒண்டு ஒத்துப் போகாது. மூண்டு மாதத்தில அடுத்தது விழும். நீங்கள் திரும்ப வருவியள், நான் திரும்பக் காசு வாங்குவன். எனக்கு லாபந்தான்" என்று சிரித்தார்.

தம் லாபத்துக்கு விரோதமாக ஆலோசனை சொல்லும் தொழிலாளி ஒரு தேசத்துக்குப் பெரிய சொத்து. செல்லை ஜப்பான் செய்கிறது; அதைத் திறந்து பிழையைக் கண்டுபிடிக்கும் கை நம்முடையது. அந்தக் கையைப் பற்றி நம் பத்திரிகைகளில் அதிகமாக எழுதுவதில்லை என்பது நம் அபிப்பிராயம்.

இனி இரண்டு வழிகள் இருந்தன. பழைய பட்டைகளில் ஒத்த பலமுள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து, ஏற்றியும் இறக்கியும் பதப்படுத்திய இருபதைப் போடலாம். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஓடும். முழுவதும் புதியதாகவே போடலாம். அதன் விலை நம் ஐந்தாறு மாதச் சம்பளம். வண்டி சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மாத்திரம் போவதாயிருந்தால் முதல் வழியே போதும், அதில் வெட்கமும் இல்லை. ஆஸ்பத்திரிப் பிரயாணத்துக்காகப் புதியதையே தேர்ந்தோம். கூரை ஓடு மாற்றுவதற்கென்று சேர்த்திருந்த பணம் அதற்குச் சரியாயிருந்தது. கார்த்திகை மழைக்கு நடுக்கூடத்தில் இரண்டு வாளிகள் வைத்துச் சமாளித்தோம்.

செத்த பட்டையைப் பள்ளிக்கூடச் சோதனைச் சாலையில், பிள்ளைகள் திறக்க முடியாதபடி கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருக்கிறோம்; அதனுள் இருக்கும் காரம் தோலை அரிக்கும். சீராயிருந்த பதினாறையும் நம் மாணவரே விலைக்கு எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றின் மேலும் அளவையும் தேதியையும் எழுதி, பழையது என்று சொல்லியே விற்பாராம். அந்தப் பணத்தில் காற்றாடிக்குப் புது வடிகட்டி ஒன்றும், மிச்சத்துக்கு மூன்று டஜன் ஓடும் வாங்கினோம்.