புதுசு வந்தது, பழசு திறக்கவில்லை!

வீடியோ எடிட்டிங் தெரிந்தவர்களுக்கு ஃபைனல் கட் ப்ரோவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காக: இது 1999-ல் ஆப்பிள் வெளியிட்ட மென்பொருள். 2011 பிப்ரவரியில் சிறந்த எடிட்டிங்குக்கான ஆஸ்கர் வாங்கிய 'தி சோஷியல் நெட்வொர்க்' படம் இதில்தான் எடிட் செய்யப்பட்டது. அதே வருடம் ஜூன் 21-ல் இதன் புதிய பதிப்பான ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வந்தது. வந்ததும் ஒரே ரகளை!

இத்தனைக்கும் புதிய வசதிகள் நல்ல வசதிகள்தான். பழைய 7-ம் பதிப்பு 32-பிட். கம்ப்யூட்டரில் எவ்வளவு மெமரி இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்குப் பயன்படாது. புதியது 64-பிட். முன்பு ரெண்டரிங் ஓடும்போது எடிட்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் அது பின்னணியில் தானாக நடக்கும். அடுத்தது 'மேக்னடிக் டைம்லைன்'. ஒரு துண்டை எடுத்தால் அடுத்த துண்டு காந்தம் போல வந்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் இடைவெளி விழாது.

விலையும் குறைவு. பழைய ஃபைனல் கட் ஸ்டுடியோ தொகுப்பு 999 டாலர். இது 299 டாலர். கூடவே மோஷன், கம்ப்ரசர் இரண்டையும் தனியாக வாங்கினாலும் மொத்தம் 400 டாலர்தான்.

பிறகு ஏன் ரகளை?

7-ம் பதிப்பில் செய்த புராஜெக்ட் எதுவும் எக்ஸில் திறக்கவில்லை. பல கேமரா காட்சிகளை ஒன்றாக வைத்து எடிட் செய்யும் மல்டிகேம் வசதியும் காணோம். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஆடியோவை அனுப்ப வேறு நிறுவனத்தின் கருவி ஒன்றை 495 டாலருக்கு வாங்க வேண்டியிருந்தது. அதாவது மென்பொருளைவிட அதன் துணைக்கருவி விலை அதிகம்! போதாததற்குப் பழைய ஃபைனல் கட் ஸ்டுடியோ விற்பனையையும் ஆப்பிள் நிறுத்திவிட்டது.

விலைச்சீட்டில் இருப்பது மட்டும் செலவு அல்ல என்று வணிகவியலில் சொல்வார்கள். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஸ்டுடியோ முதலாளிக்கு 600 டாலர் மிச்சம். ஆனால் பாதியில் நிற்கும் வேலைகள், பழகிய கைகள், வாடிக்கையாளர் திரும்பக் கேட்கும் பழைய ஃபைல்கள் எல்லாம் ஒரே நாளில் கேள்விக்குறி. அந்தச் செலவை எந்த பில்லிலும் பார்க்க முடியாது.

ஆப்பிள் சும்மா இருக்கவில்லை. மற்ற மென்பொருள்களோடு புராஜெக்ட் விவரங்களைப் பரிமாறிக்கொள்ள உதவும் எக்ஸ்எம்எல் வசதி 2011 செப்டம்பரில் வந்தது. மல்டிகேம் 2012 ஜனவரியில் வந்தது. அதற்குள் பலர் அடோபி பிரீமியருக்கும் அவிட்டுக்கும் போய்விட்டார்கள்.

போகாதவர்களும் உண்டு. 2020-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய கொரியப் படம் 'பாரசைட்'. அதை எடிட் செய்த யாங் ஜின்-மோ பயன்படுத்தியது, ஆப்பிள் கைவிட்டுப் பல வருடங்களான அதே 7-ம் பதிப்பைத்தான்!