மல்லாட்டையும் மலேசியாவும்

வெளியுறவுக் கொள்கை என்றதும் நம்மில் பலருக்குக் கைகுலுக்கும் தலைவர்களின் படங்களே நினைவுக்கு வருகின்றன. விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் குவிந்து கிடக்கும் மல்லாட்டை வருவதில்லை. (மணிலாக் கொட்டைதான் நம் வாயில் மல்லாட்டை ஆயிற்று என்பர். பெயரே கடல் கடந்தது!)

நம் நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. அதில் முதலிடம், இந்தோனேசியாவும் மலேசியாவும் அனுப்பும் பாமாயிலுக்கு. 2019 செப்டம்பரில் மலேசியப் பிரதமர் மகாதீர் முகமது ஐ.நா. சபையில் காஷ்மீர் குறித்து இந்தியாவைச் சாடினார். 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு விதித்தது. எந்த நாட்டையும் குறிவைத்ததல்ல என்றது அரசு, நம்பியவர் சிலரே.

எதிரே அயலான் நிற்கும்போது, 'நாட்டு நலன்' என்று ஒரே குரலில் சொல்லிவிடலாம். வீட்டுக்குள் வந்தால்தான் சிக்கல். 2022 ஏப்ரல் 28 முதல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது. தன் மக்களுக்கு எண்ணெய் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். பனைப்பழம் விற்க முடியாத அந்நாட்டு விவசாயிகளோ வீதிக்கு வந்தார்கள். மே 23இல் தடை நீங்கியது. இருவரில் யாருடைய நலன் இந்தோனேசியாவின் நலன்?

எங்கள் வீட்டிலும் இந்த வழக்கு உண்டு. அப்பா மல்லாட்டை பயிரிடுபவர். அம்மா நியாயவிலைக் கடையில் 25 ரூபாய்க்குப் பாமாயில் வாங்குபவர். அது போதாமல் மீதிக்கு மளிகைக் கடைக்குப் போவார். 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத எண்ணெய்க்கு அரசு 20 சதவிகிதம் அடிப்படைச் சுங்கவரி போட்டது.

"இந்த வருஷமாவது கொட்டைக்கு விலை ஏறும்" என்றார் அப்பா.

"அப்ப எண்ணெய் மட்டும் ஏறாதா?" என்றார் அம்மா.

2025 மே இறுதியில் அந்த வரி 10 சதவிகிதமாகக் குறைந்தது. முதலில் உழவர் நலன், பிறகு நுகர்வோர் நலன். இரண்டும் நாட்டு நலன் என்ற பெயரிலேயே வந்தன!

என் கட்சி, விளைச்சலைப் பெருக்குவதே. 'டி.எம்.வி.' என்ற எழுத்துக்களோடு இந்தியாவெங்கும் விதைக்கப்பட்ட மல்லாட்டை ரகங்கள் நம் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. அந்த எழுத்துக்களே ஊர்ப் பெயரின் சுருக்கம். 2024 அக்டோபரில் எண்ணெய் வித்துக்களுக்கென மத்திய அரசு 10,103 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் நம் மானாவாரிக் கொல்லைகளுக்கு எவ்வளவு வந்து சேரும் என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்.