மழைக்கால வெயில்

ஆடி மாதத்து வெயிலை நம்ப முடியாது, அதுவும் மும்பை வடாலாவில். நாள் கணக்கில் மூடிக் கிடந்த வானம் ஒரு மத்தியானம் சட்டென்று திறந்துகொள்ளும். ஈரத் துணியோடு எல்லோரும் மாடிக்கு ஓடுவார்கள். கட்டடத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் மிதக்கும் பச்சைப் பாசிக்கோ அது கண்டம்.

வெயில்தானே பாசிக்குச் சோறு? ஆமாம். ஆனால் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடத்தும் பசுங்கணிகத்தால் செலவழிக்க முடியாத அளவுக்கு வெளிச்சம் வந்தால், மிஞ்சிய எலெக்ட்ரான்கள் ஆக்ஸிஜனிடம் போய்ச் சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிச் செல்லையே தாக்கும். படிக்கட்டில் நாம் தூவும் ப்ளீச்சிங் பவுடர் பாசியைக் கொல்வதும் இதே வகை ஆக்ஸிஜனேற்றத் தாக்குதலால்தான்.

கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசி இதைச் சமாளிக்கும் விதத்தை 2016இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்து மைக்கேல் ஹிப்லர் குழுவினர் எழுதினார்கள். அதன் பசுங்கணிகத்தில் கால்ரெடாக்சின் என்றொரு புரதம். ஒரு பகுதியில் கால்சியத்தைப் பிடிக்கும் நான்கு பிடிகள். இன்னொரு பகுதி தயோரெடாக்சின், அதாவது எலெக்ட்ரானைக் கைமாற்றிக் கொடுக்கும் உறுப்பு. கால்சியம்தான் செய்தி; அது வந்து உட்கார்ந்தால்தான் கைமாற்று நடக்கும். எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் பெராக்ஸிரெடாக்சின் என்ற இன்னொரு புரதம், பெராக்சைடைத் தண்ணீராக்கிவிடும்.

நம் உடம்பிலுள்ள கால்மோடுலின் என்ற புரதத்துக்கும் நான்கு பிடிகள் உண்டு. ஆனால் அது கால்சியத்தைப் பிடித்த கையோடு வேறொரு புரதத்தைத் தேடிப் போய் எழுப்ப வேண்டும். எங்கள் சொசைட்டியில் குழாய் ஒழுகுவதைப் பார்ப்பவர் வாட்ச்மேன், எழுதிக்கொள்பவர் செக்ரட்டரி, பிளம்பர் வருவது அடுத்த மாதம், அந்த மாதிரி. கால்ரெடாக்சினில் செய்தி கேட்பதும் வேலை பார்ப்பதும் ஒரே மூலக்கூறு. எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது இதனால்தான்.

வெயிலைத் தாங்க வேறு வழிகளும் உண்டு. அதில் ஒன்றை நினைவூட்டுவது எங்கள் வடாலாவேதான்: 1930இல் சத்தியாகிரகிகள் உப்பளத்துக்குள் புகுந்து அடி வாங்கிய ஊர். உப்பளம் என்றாலே எனக்கு டுனாலியெல்லா ஞாபகம் வரும். கிளாமிடோமோனாஸின் சொந்தக்காரப் பாசி. உப்பும் வெளிச்சமும் ஏறினால் பீட்டா கரோட்டினைக் குவித்துச் செம்மஞ்சளாகிக் குடை பிடித்துக்கொள்ளும். பார்க்க அழகுதான். ஆனால் நிறம் ஏற நாள் பிடிக்கும். மேகம் விலகுவதோ நொடியில். அந்த அவசரத்துக்குக் கால்சியம்தான் சரி.