பயணத்தில் பிள்ளைகள் உறங்கும் அறை

பிள்ளைகள் வெளியூர் செல்லும்போது, அங்கு உண்ணக் கிடைப்பது ஹலாலானதா என்று விசாரிக்கிறோம். தொழுவதற்கு இடம் உண்டா என்று கேட்கிறோம். இரவில் எந்த அறையில், யாருடன் உறங்குவார்கள் என்ற கேள்வியை மட்டும் நம்மில் பலர் கேட்பதில்லை. கேட்டால் ஒருவரைச் சந்தேகித்ததாக ஆகிவிடுமே என்று கூசுகிறோம். அந்தக் கூச்சத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

அனுப்பம்பட்டில் வாழும் எங்கள் குடும்பத்தில் இக்கேள்வி 2024ஆம் ஆண்டு எழுந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் ‘காமிக் கான்’ விழா முதன்முறையாகச் சென்னைக்கு வந்தது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடைபெற்றது. சித்திரக்கதை, ஜப்பானிய அனிமே, திரைப்படம் ஆகியவற்றின் ரசிகர்கள் கூடும் இவ்விழா, இந்தியாவில் 2011இல் டெல்லியில் தொடங்கியது. தமக்குப் பிடித்த கதாபாத்திரங்களைப் போல உடையணிந்து வருவோரும் அதில் உண்டு. 15 வயதான எங்கள் மகனும், 14 வயதான அவன் மாமி மகனும் அட்டையும் பசையும் வண்ணமும் கொண்டு பல நாள்கள் உழைத்துத் தம் உடைகளைத் தாமே செய்திருந்தார்கள்.

எங்கள் ஊரிலிருந்து மின்சார ரயிலில் சென்னை சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஆலந்தூர், பிறகு நந்தம்பாக்கம் என்று ஒரு வழிப் பயணமே நெடியது. இரண்டு நாளும் போய்வருவது கடினம். இணையத்தில் அனிமே பற்றி உரையாடும் குழுவொன்றில் அவர்களுக்கு அறிமுகமான 24 வயது இளைஞர் ஒருவர் இதற்கு ஒரு வழி சொன்னார். கிண்டியில் தாம் விடுதி அறை எடுப்பதாகவும், இருவரும் தம்முடன் தங்கலாம் என்றும், வாடகையை மூவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்றும் அழைத்தார்.

குடும்பத்துப் பெரியவர்களில் சிலர், “ஆண் பிள்ளைகள்தானே, என்ன ஆகிவிடும்?” என்றனர். மகள்களுக்கு இப்படியோர் அழைப்பு வந்திருந்தால் நாம் ஒரு நொடியும் யோசித்திருக்க மாட்டோம். மகன்கள் விஷயத்தில் நம் எச்சரிக்கை தளர்ந்துவிடுகிறது. நம் மார்க்கமோ அப்படித் தளரவில்லை. பிள்ளைகள் பத்து வயதை எட்டினால் படுக்கைகளைத் தனித்தனியாக ஆக்குமாறு அபூதாவூதில் பதிவான நபிமொழி கூறுகிறது. உடன்பிறந்தாருக்கே உரிய ஒழுங்கு அது. ஓர் ஆண் மற்றோர் ஆணின் அவ்ரத்தைப் பார்ப்பதையும், இரு ஆண்கள் ஒரே போர்வைக்குள் படுப்பதையும் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழி தடுக்கிறது. சூரா அந்நூரின் 58, 59ஆம் வசனங்கள் ஃபஜ்ருக்கு முன்பும், ஆடை தளர்த்தும் நண்பகலிலும், இஷாவுக்குப் பின்பும் சிறுவர்கள் அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்றும், பருவம் எய்தியபின் எப்போதும் அனுமதி கேட்க வேண்டும் என்றும் கற்பிக்கின்றன. சொந்த வீட்டுக்குள்ளேயே உறங்கும் நேரத்திற்கு இத்தனை வரம்புகள் இருக்கும்போது, அறிமுகம் மட்டுமே உள்ள ஒருவரின் விடுதி அறைக்கு வரம்பு வேண்டாமா?

எங்கள் மகன் கேட்ட கேள்விதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. “அந்த அண்ணன் கெட்டவர் என்று நினைக்கிறீர்களா?” என்றான். கெட்ட எண்ணம் கொள்வதைக் குர்ஆன் கண்டிக்கிறது என்று அவனுக்கு நாங்களே கற்பித்திருந்தோம்.

அவனுக்குச் சொன்ன பதில் இதுதான். ஒருவரை மட்டும் குறித்து வேலி போட்டால் அது சந்தேகம். எல்லோருக்கும் ஒன்றாகப் போட்டால் அது ஒழுங்கு. நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃபில் இருந்தபோது, தம்மைக் காணவந்த மனைவி ஸஃபிய்யா (ரலி) அவர்களை வழியனுப்ப எழுந்து நடந்தார்கள். அவ்வழியே சென்ற அன்சாரிகள் இருவரை அழைத்து, உடன் இருப்பவர் தம் மனைவி என்று தாமே தெரிவித்தார்கள். புகாரியில் உள்ள நிகழ்ச்சி இது. எவரும் ஐயுற முடியாத அவர்களே ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. ஆகவே நல்ல மனிதருக்கு இவ்வொழுங்கு அவமதிப்பாகாது. நாளை எழக்கூடிய வீண் பழியிலிருந்து அது அவரையும் காக்கிறது.

இக்கவலை வெறும் கற்பனையும் அன்று. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1987 முதல் நடந்துவரும் ‘டிராகன் கான்’ என்னும் பெரும் ரசிகர் விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர் எட்வர்ட் கிரேமர். சிறுவர்கள் மீதான பாலியல் குற்றச்சாட்டில் அவர் 2000இல் கைதானார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தபோது, 2011இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு விடுதி அறையில் 14 வயதுச் சிறுவனுடன் தங்கியிருந்ததாக மீண்டும் பிடிபட்டார். 2013இல் தண்டிக்கப்பட்டார். அவர் ரசிகர்களிடையே புகழும் மதிப்பும் பெற்றிருந்தவர். ஒருவருக்கு ஊரில் இருக்கும் நற்பெயரை மட்டும் நம்பி ஓர் அறைக் கதவை மூடிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அங்குள்ள சாரணர் இயக்கத்தில், பெற்றோரோ காப்பாளரோ அல்லாத பெரியவர் ஒரு சிறுவனுடன் ஒரே கூடாரத்தில் தங்கக் கூடாது என்பது இன்று விதி.

நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தையே. ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் இல்லை. அச்சட்டத்தின்கீழ் பதிவாகும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. “தெரிந்தவர்தானே” என்னும் சொல் நம்மை அமைதிப்படுத்தலாம், பிள்ளையைக் காக்காது.

நாங்கள் விழாவுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. தடுத்திருந்தால், அடுத்த முறை நம்மிடம் சொல்லாமலே போகத்தான் அவர்கள் கற்றிருப்பார்கள். எங்களில் ஒருவர் உடன் சென்றார். இரவு மண்ணடியில் உறவினர் வீட்டில் தங்கினார்கள். அந்த இளைஞரிடம் தொலைபேசியில் பேசி, வீட்டில் இப்படியோர் ஒழுங்கு உண்டு, அது யாருக்கும் பொருந்தும் என்று மரியாதையோடு சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “சரிங்க” என்று மட்டும் சொன்னார். அவர் மனம் வருந்தியிருக்கலாம். அவ்வருத்தத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். விழா அரங்கில் பகல் வெளிச்சத்தில், கூட்டத்தின் நடுவே, மூவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நட்பு குறையவில்லை.

பிள்ளைகளிடம் சில சொற்களையும் தெளிவாகச் சொல்லி அனுப்பினோம். “வீட்டில் சொல்லாதே” என்று எந்தப் பெரியவர் கூறினாலும் அதை முதலில் வீட்டில்தான் சொல்ல வேண்டும். காரணமில்லாமல் பரிசு தருபவரிடமும் தனியே அழைப்பவரிடமும் மறுப்புச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. ஏதேனும் நேர்ந்தால் பழி பிள்ளையின்மீது இல்லை. எந்த இரவிலும் எங்களை அழைக்கலாம். எங்களை அழைக்க முடியாவிட்டால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் உண்டு.

இவ்வொழுங்கு ரசிகர் விழாவோடு நின்றுவிடக் கூடாது. கோடைகால தீனிய்யாத் முகாம், வெளியூர் இஜ்திமா, மதரஸா விடுதி, கால்பந்துப் போட்டிப் பயணம், உறவினர் திருமணம் ஆகிய எல்லா இடங்களிலும் பிள்ளைகள் பெரியவர்களுடன் இரவு தங்குகிறார்கள். தாடியும் தொப்பியும் கண்டதும் நம் கேள்வி நாவிலேயே நின்றுவிடுகிறது. அங்கும் கேட்போம்: அறையில் யார் யார்? படுக்கை தனியா? பொறுப்பாளர் ஒருவரா, இருவரா? பிள்ளை கையில் தொலைபேசி இருக்குமா? நடத்துபவர்கள் நல்லவர்களாயின் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கூச்சத்தின் பொருட்டு அமானிதத்தைப் பாராமுகமாக விட நமக்கு அனுமதி இல்லை. அவர்களின் உடலையும் உள்ளத்தையும் ஈமானையும் அவன் பாதுகாப்பானாக. கேட்க வேண்டியதைக் கேட்கும் துணிவை நமக்குத் தருவானாக. ஆமீன்.