மௌனம் காக்கும் எழுத்துகள்

பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் குருக்கள் பலர், சமவெளியின் வெப்பத்தால் நலம் குன்றியபோது, நீலகிரியின் வெலிங்டனில் இருந்த தூய தியோடர் இல்லத்திற்கு வந்து தேறினர். நம் தமிழைக் கற்க அச்சபையினர் பட்ட பாடு பெரிது. அருள்தந்தையர் முசே, துப்புயி ஆகியோரின் தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாகப் புதுச்சேரியில் வெளிவந்தது. பிரெஞ்சில் எழுதும்போது அவ்விருவர் பெயர்களின் இறுதியிலும் ஒலியாத எழுத்து ஒன்று உண்டு.

இன்று பயணம் எதிர்த்திசையில் நிகழ்கிறது. தேயிலைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்த அருள்சகோதரி ஒருவர், பிரான்சின் முதியோர் இல்லமொன்றில் பணியாற்றச் செல்லுமுன், குருமடத்தில் நான் கற்ற சிறிதளவு பிரெஞ்சை நாடி வந்தார். இறக்கும் தறுவாயில் இருப்போர் அருகே அமர்ந்து செபங்களை உரக்க வாசிப்பதும் அவர் பணி. நீண்ட வினைச்சொற்களில்தான் அவருடைய நா தடுமாறியது.

'அவர்கள் மன்னிப்பார்கள்' என்பதை நிபந்தனைப் பொருளில் உணர்த்தும் பிரெஞ்சு வினை 14 எழுத்துகள் கொண்டது. ஏட்டில் அதன் அசைகள் நான்கு: பர்–தொன்–னெ–ரெ. இயல்பான பேச்சில் மூன்றே: பர்–தொன்–ரெ. இறுதி ஐந்து எழுத்துகளும் சேர்ந்து ஒரே உயிரொலியாகின்றன. இரட்டித்த மெய் ஏட்டில் இரண்டு அசைகளுக்குப் பகிரப்பட்டாலும் ஒலியில் ஒன்றே. 'அன்னை' என்று அழுத்திச் சொல்லிப் பழகிய நம் நா அங்கே இளக வேண்டும்.

ஆயினும் எல்லாம் அந்நியமல்ல. 'வந்தோம்' என்பதைப் பேச்சில் உதடுகளை மூடாமல் மூக்கொலியோடு முடிக்கிறோம் அல்லவா? 'மன்னிக்கிறோம்' என்பதற்கான பிரெஞ்சு வினையும் ஏறத்தாழ அவ்வொலியிலேயே முடிகிறது. இதைக் கூறியதும் சகோதரியின் அச்சம் பாதி அகன்றது.

"சாமி, ஒலிக்காத எழுத்தை எதற்காக எழுத வேண்டும்?" என்று கேட்டார். 'மன்னிக்கிறார்கள்' என்பதற்கான பிரெஞ்சு வினையின் ஈற்றுத் தகரம் வாய் திறப்பதில்லை. அதனையே வினாவாக்கி, 'அவர்கள்' எனும் சொல்லைப் பின்னே சேர்த்தால், அச்சொல்லின் முதல் உயிர் வந்து ஏறியவுடன் உறங்கிய தகரம் விழிக்கிறது: பர்–தொன்–தில். மெய்மேல் உயிர் ஏறுவது தமிழ்ப் புணர்ச்சியிலும் நாம் அறிந்ததே.

மரணப் படுக்கையில் கிடப்பவருக்கு இலக்கணம் தேவையில்லை. எனினும், தம் தாய் சொல்லித்தந்த ஒலியிலேயே செபம் காதில் விழுந்தால் அவர் தனியராக உணரமாட்டார். அதற்காகவே அச்சகோதரி ஒவ்வோர் அசையாகப் பிரித்துப் பிரித்துப் பயின்றார். அயலார் மொழியை அவர்தம் செவிக்கு ஏற்ப ஒலிக்க முயல்வதும் அன்புப் பணியே.