பிரேக் பேடு வாங்கும் முன்

முதலில் கணக்கு. ஆளோடு சேர்த்து 1,500 கிலோ வரும் ஒரு கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க, ஏறக்குறைய 580 கிலோஜூல் ஆற்றல் சூடாக மாறியாக வேண்டும். 160இலிருந்து என்றால் 1,480. வேகம் 1.6 மடங்குதான் கூடியது, சூடு இரண்டரை மடங்கு கூடிவிட்டது. பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கு, எழுபது சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது கிலோ வார்ப்பிரும்பு டிஸ்க் ஒவ்வொன்றும் அந்த ஒரே பிரேக்கில் 120 டிகிரிக்கு மேல் ஏறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். எதை மலிவாக வாங்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதை இந்தச் சூட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

*

தங்கை மகன் செகண்ட் ஹேண்டில் ஆக்டேவியா ஆர்எஸ் 230 வாங்கியிருக்கிறான். 2017இல் இங்கே வந்த கார். இரண்டு லிட்டர் டர்போ, 230 குதிரைத்திறன். பழைய கார் என்பதால் விலை இறங்கிவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. ஷோரூமில் முன்பக்க டிஸ்க்கும் பேடும் மாற்ற எவ்வளவு என்று கேட்டுவிட்டு வந்தவன் முகம் வாடிப் போயிருந்தது. "மாமா, கம்மி விலையில நல்லதா ஏதாவது இருக்கா?" இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

*

கார் கம்பெனிகள் பொதுவாக பேடைத் தாங்களே செய்வதில்லை. செய்பவர்கள் வேறு: ஏடிஇ, டிஆர்டபிள்யூ, டெக்ஸ்டார், பேகிட், பிரெம்போ, ஃபெரோடோ. டெக்ஸ்டாரும் பேகிடும் டிஎம்டி ஃபிரிக்‌ஷன் என்ற ஒரே நிறுவனத்தின் பெயர்கள். கார் கம்பெனி முத்திரை இல்லாத பெட்டியில் இவர்கள் விற்பது குறைந்த விலைக்குக் கிடைக்கும். தரம் குறைந்ததால் வந்த விலை அல்ல அது. நான் முதலில் சொல்லும் சிக்கனம் இதுதான்.

ஆர்எஸ்ஸுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கோல்ஃப், ஆடி ஏ3 எல்லாம் இதே அடித்தளத்தில் கட்டியவை. முன் டிஸ்க்கின் எண் 5கியூ0 615 301 என்று தொடங்கும். கடைசியில் வரும் எழுத்துதான் அளவைச் சொல்லும். அதனால் ஸ்கோடா என்று மட்டும் தேடாமல் எண்ணை வைத்துத் தேட வேண்டும். அந்தக் கடைசி எழுத்தில் கவனம் தேவை. ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு, வகைக்கு வகை டிஸ்க் விட்டம் மாறியிருக்கும். டிக்கியில் ஸ்டெப்னி பள்ளத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பிரேக் அளவுக்கான குறியீடும் இருக்கிறது. அதையும் போட்டோ எடுத்துக்கொண்டு, வண்டியில் இருக்கும் டிஸ்க்கையும் அளந்துகொண்டு போவது நல்லது.

*

பேடின் ஓரத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் காசு கொடுக்கக் கூடாது. அங்கே இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து வரும். முதலாவது சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பது, இரண்டாவது கடும் சூட்டில். ‘இ’ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55. ‘எஃப்எஃப்’ இருந்தால் சரி. முதல் எழுத்து எஃப், இரண்டாவது இ என்றால் ஊருக்குள் நன்றாகப் பிடித்துவிட்டு மலை இறக்கத்தில் கைவிடும். வேகமான காருக்கு அது வேண்டவே வேண்டாம்.

கூடவே வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஐரோப்பிய முத்திரையும் 90ஆர் என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்த விதிப்படி, மாற்று பேடின் பிடிப்பு அசலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது.

ரேஸ் பேடு என்று ஆசைப்படுகிறார்கள். செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுபவருக்கு அது சரி. காலையில் ஆறின டிஸ்க்கோடு அவிநாசி சாலையில் இறங்குகிறவருக்கு முதல் சிக்னலிலேயே அது சரியாகப் பிடிக்காது. சத்தம் வேறு. டிஸ்க்கையும் தின்னும்.

*

ஃபெரோடோவைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட் பற்றி ஒரு கதை உண்டு. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச் சரிவுகளில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸை பிரேக் கட்டையில் வைத்துக் கட்டி இறங்குவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்ததாம். 1897இல் தொடங்கியது.

*

"துளை போட்ட டிஸ்க் போடலாமா மாமா? பார்க்க நல்லா இருக்கும்."

வேண்டாம். மலிவான துளை டிஸ்க் என்பது சாதா டிஸ்க்கில் டிரில் பிட்டை இறக்கியதுதான். சூடேறி ஆறும்போது விரிசல் அந்தத் துளையின் விளிம்பில்தான் தொடங்குகிறது. சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பும் குறைந்து போகிறது. அதே பணத்துக்கு நல்ல பெயருள்ள துளையில்லாத டிஸ்க் கிடைக்கும். நடுவில் காற்று போகும் இடைவெளி இருந்தால் போதும். துரு பிடிக்காமல் பூச்சு போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது.

*

பிரேக் ஆயில். எல்லாவற்றிலும் விலை குறைந்தது, எல்லோரும் மறப்பதும் இதைத்தான். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரம் இழுத்து 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155தான். கொதித்தால் குமிழி, குமிழி நசுங்கும், பெடல் தரைவரை போகும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இரண்டாம் கியரில் இறங்குவதோடு புது ஆயிலும் இருந்தால், விலையுயர்ந்த கேலிப்பர் தராத நிம்மதி கிடைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். டாட் 5.1 ஊற்றலாம். டாட் 5 சிலிகான், அதைத் தொடவே கூடாது.

*

ஸ்டியரிங் உதறினால் "டிஸ்க் வளைஞ்சிருச்சு சார்" என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது. சூடான டிஸ்க்கில் பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும், அல்லது ஹப்பில் துரு இருந்து டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். புது டிஸ்க் மாட்டுமுன் ஹப்பை வயர் பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லி நின்று பார்க்க வேண்டும். லேத்தில் கொடுத்துத் தேய்ப்பதென்றால், டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது.

புது பேடு போட்டதும் காலியான சாலையில், பின்னால் யாரும் வராதபோது, வேகத்திலிருந்து அழுத்திப் பிடித்து நிற்காமலே விடுவதைப் பல முறை செய்ய வேண்டும். பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிறுத்தி வைத்தால் அந்தத் திட்டுதான் வரும்.

*

போலிகள். பெட்டி அச்சு அசலாக இருக்கும். பேடின் பின்தகட்டில் எண் பொறிக்காமல் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பில் தராத கடையில் பிரேக் சாமான் வாங்கக் கூடாது. நாலு உயிர் உட்காரும் வண்டி.

*

இன்னும் ஒன்று அவனுக்குச் சொல்ல வேண்டும். இந்தக் காரில் வளைவில் வேகமாகப் போகும்போது, பிடிப்பு இழக்கும் உள்பக்க முன்சக்கரத்தை வண்டியே லேசாக பிரேக் பிடித்துக்கொள்ளும். கால் படாமலே பேடு தேய்கிறது. கேலிப்பர் நகரும் பின்கள் வறண்டு இறுகியிருந்தால் உள்பக்கப் பேடு மட்டும் தகடு தெரியும் அளவுக்குப் போயிருக்கும். வீல் இடுக்கு வழியாக வெளிப்பேடைப் பார்த்து "இன்னும் பாதி இருக்கு" என்பார்கள். கழற்றி உள்பேடைக் காட்டச் சொல்ல வேண்டும். பின்களுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ் ஒரு சின்ன டியூப் போதும். அதையும் வாங்க வேண்டிய பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.