எந்த மண்ணில் விளைந்த மிளகு?

என் கட்சிக்காரரான விருதுநகர்ப் பக்கத்து மளிகை மொத்த வியாபாரி அண்ணாச்சி ஒருவர் இலங்கையிலிருந்து ஒரு கண்டெய்னர் கருமிளகு இறக்கியிருந்தார். துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் அதை நிறுத்திவைத்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இது இலங்கையில் விளைந்ததா, வியட்நாமில் விளைந்து கொழும்பில் சாக்கு மாற்றி வந்ததா?

அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. வெளிநாட்டு மிளகுக்கு அப்போது பொதுவான வரி 70 சதவீதம். ஆசியான் ஒப்பந்தச் சலுகை கிடைத்தாலும் வியட்நாம் மிளகுக்கு 50 சதவீதத்தை ஒட்டி வரும். ஆனால் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு 2,500 டன் வரை இலங்கை மிளகுக்கு வரியே இல்லை. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் சரக்கைச் சுற்றுவழியில் அனுப்ப ஆள் கிளம்பத்தான் செய்வான். இதே ஒப்பந்தத்தை நம்பித்தான் ஒரு காலத்தில் இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. வெளியிலிருந்து பாமாயில் வந்திறங்கும், வனஸ்பதியாகி இந்தியாவுக்கு ஏறும். 2008-ல் கச்சா பாமாயில் மீதான வரியை இந்தியா நீக்கியதும் அந்த ஆதாயம் போயிற்று, ஆலைகளும் படுத்துவிட்டன.

முன்பெல்லாம் கொழும்பிலுள்ள வணிகத் திணைக்களம் கொடுக்கும் பிறப்பிடச் சான்றிதழைக் காட்டினால் பெரும்பாலும் போதும். 2020-ல் சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்ற பிரிவு வந்தது. செப்டம்பரில் அதற்கான விதிகளும் நடைமுறைக்கு வந்தன. சான்றிதழ் மட்டும் போதாது, பொருள் அந்த நாட்டுடையதுதான் என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும் என்றது சட்டம். ஏமாற்றுபவனைப் பிடிக்க எழுதியது என்பதால் அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இயந்திர பாகத்துக்கும் மிளகுக்கும் ஒரே படிவம்.

மாத்தளை, கண்டிப் பக்கத்து மிளகு பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்துக் கொடியில் விளைவது. பத்துக் கிலோ, இருபது கிலோ என்று ஊர் வியாபாரி வாங்கிச் சேர்ப்பார். எல்லாம் ஒரே குவியலில் கலந்துவிடும். பில் எவரும் போடுவதில்லை. “வக்கீல் சார், நான் விலையைக் கேப்பேன், ஈரப்பதத்தைக் கேப்பேன். யார் வீட்டுக் கொடின்னு எவன் கேப்பான்?” என்றார் அண்ணாச்சி. கடைசியில் அங்கிருந்து வந்தது, ஊர் வியாபாரியின் நோட்டுப் புத்தகப் பக்கங்களின் புகைப்படம். எண்ணெய்க் கறை படிந்த தாளில் பெயரும் கிலோவும் மட்டும். சில இடங்களில் பெயர்கூட இல்லை, ‘பாலத்து வீடு’ என்று இருந்தது.

அதைத்தான் என் முதல் ஆதாரமாக வைத்தேன். வியட்நாம் சரக்கைக் கொழும்பில் இறக்கி அனுப்புகிறவன், வரிசை எண் போட்ட பில்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டுவருவான். பாலத்து வீட்டைக் கொண்டுவரமாட்டான் என்று வாதிட்டேன். இலங்கை மிளகில் காரச்சத்து கூடுதல் என்பதால் ஆய்வக அறிக்கையையும் வைத்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். காரம் ஊரை நிரூபிக்காது என்றார், அது சரிதான். நோட்டைப் பற்றி, “நீங்க சொல்றது புரியுது சார், ஆனா ஃபைல்ல என்னன்னு எழுதுறது?” என்றார். நேர்மையான கேள்வி.

உண்மையை விசாரிக்கக் கொழும்புக்குக் கடிதம் போனது. பதில் வரும்வரை சரக்கு வேண்டுமென்றால், சலுகை இல்லாவிட்டால் கட்டவேண்டிய வரிக்கு ஈடு காட்ட வேண்டும். டன் 5 லட்சம் மதிப்பு என்றால் ஈடு மட்டும் மூன்றரை லட்சம். பெரிய நிறுவனத்துக்கு இது வங்கியில் ஒரு கையெழுத்து. அண்ணாச்சிக்கு, தீபாவளிச் சரக்கு எடுக்க வைத்திருந்த வைப்புத்தொகை அத்தனையும். அதை அடகு வைத்து வங்கி உத்தரவாதம் வாங்கி, சரக்கை வெளியே எடுத்தார்.

சான்றிதழ் உண்மை, மிளகு இலங்கையுடையதே என்று பல மாதம் கழித்துப் பதில் வந்தது. உத்தரவாதம் திரும்பியது. துறைமுக டெமரேஜும் கண்டெய்னர் வாடகையும் வங்கிக் கமிஷனும் திரும்பவில்லை. அவற்றைக் கேட்க அந்தச் சட்டத்தில் வழியில்லை. வழக்கில் ஜெயித்தவர் இப்போது கொச்சிச் சந்தையில் கேரள மிளகு வாங்குகிறார். மாத்தளை ஊர் வியாபாரிக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்தார்.

இறக்குமதியில் இறங்க நினைக்கும் சிறு வியாபாரிகளுக்கு ஒன்று சொல்வேன். கொள்முதல் விவரத்தைச் சரக்கு கப்பலேறும் முன்பே கேட்டு வாங்குங்கள், கறை படிந்த நோட்டாக இருந்தாலும் சரி. அதை ஐந்தாண்டு பத்திரமாக வைத்திருங்கள். சட்டம் கேட்பது அத்தனை காலம்.